இந்தச் சனம் உனக்கு ஆர்?

அப்பா,

மன்னித்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதுகிறவர்களைக் கண்டால் உங்களுக்குச் சிரிப்பு. "வாய் எதுக்கு இருக்கு?" என்பீர்கள். எனக்கு இப்போது அந்த வாய்தான் பிரச்சினை. அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை உங்கள் காரை எடுத்தேன். வசந்தத்தில் நீங்கள் கண்மூடிய பிறகு இன்றுதான் ஹீட்டர் போடுகிற குளிர். முதலில் கருகிய தூசி மணத்தது. அதன் பின்னால் உங்கள் மெந்தோல் இனிப்பு. பியர்பொன்ட்ஸ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டு வாசலைத் தாண்ட என்னால் முடியவில்லை. உங்கள் ஆசனத்திலிருந்து இறங்கிச் சுற்றி வந்து, பக்கத்தில் என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே இருந்துதான் உங்களுக்கு என் ஆய்வுப் பொருளான சாக்சன்களின் கதையைச் சொன்னேன். புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலைக்குப் போகிற வழியில் என்னை ரயிலடியில் இறக்கிவிடுவீர்கள். பல்கலைக்கழகத்தில் ஒருவரோடும் கதைக்காதவள் காருக்குள் ஓயாமல் கதைப்பேன். ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன் பிராங்க் இனத்து அரசன் சாக்சன்கள் என்ற ஜெர்மானியக் குலத்தை வாளால் அடக்கி ஞானஸ்நானம் கொடுப்பித்ததைச் சொன்னேன். அந்தக் காலத்து ஞானஸ்நானக் கேள்வி பதில் ஒன்று மிஞ்சியிருப்பதையும் சொன்னேன். குருவுக்கான குறிப்பு இலத்தீனில். கேள்வியும் பதிலும் மட்டும் அந்தச் சனங்களின் பேச்சில். பேயை விடுகிறாயா? விடுகிறேன். இடியின் கடவுளை விடுகிறாயா? விடுகிறேன். ஜெர்மன் நாட்டுப் பேச்சு ஏட்டில் ஏறத் தொடங்கிய காலத்துத் துண்டு அது.

சிவப்பு விளக்கில் நின்றபடி கேட்டீர்கள்: "விடமாட்டன் எண்டு சொன்னால்? அதுக்கு என்ன எழுதியிருக்கு?"

"அதுக்கு ஒண்டும் எழுதேல்லை, அப்பா."

"அப்ப என்ரை விசாரணை மாதிரித்தான்."

கனடாவுக்கு வருமுன் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்ததை அன்றுதான் முழுதாகச் சொன்னீர்கள். அதிகாரி கேட்டது ஒன்றும் விளங்கவில்லையாம். எல்லாவற்றுக்கும் "யா, யா", ஓம் ஓம், என்றீர்களாம். "நல்ல காலம், நான் மன்னாரிலையே ஞானஸ்நானம் எடுத்திட்டன். இல்லாட்டி அண்டைக்கு அதுக்கும் யாதான்." சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினீர்கள். "அந்தச் சாக்சன் சனங்கள் வீட்டை போய் என்ன கதைச்சிருக்குங்கள், பிள்ளை?"

"அதை ஆரும் எழுதி வைக்கேல்லை."

"பாவங்கள்."

அதன் பிறகு தினமும் நீங்கள் குரு, நான் சாக்சன். முகாமில் பிடித்த அந்தக் கரடுமுரடான உச்சரிப்பில் அதட்டுவீர்கள். ரயிலடி நெருங்கியதும், என்னை வாய்மொழித் தேர்வுக்குப் பழக்கப் பரீட்சகராக மாறி, ஒரு புருவத்தை உயர்த்துவீர்கள். எப்போதும் ஒரே முதற் கேள்வி: "அது சரி, இந்தச் சனம் உனக்கு ஆர்?" நான் சொல்லத் தொடங்குவேன். ரயில் வந்துவிடும்.

கோடையில் என் வாய்மொழித் தேர்வு நடந்தது, அப்பா. மேசைக்கு அப்பால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் அன்பாகத்தான் கேட்டார், பிரெஞ்சில்: ஏன் இந்த மக்கள்? உங்கள் கேள்வியேதான். எனக்குக் குரல் வரவில்லை. தண்ணீர் தந்தார்கள். குடித்தேன். பிறகும் வரவில்லை.

இந்த வியாழக்கிழமை இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றும் வாய் திறக்காவிட்டால் பட்டம் இல்லை. அம்மா பாவம், உங்களுக்குப் பதிலாகக் குசினியில் நின்று கேட்டுப் பார்த்தா. "இந்தச் சனம்..." என்று தொடங்கியவ, அதற்கு மேல் முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. "விடு பிள்ளை. ஏதும் வேலையைப் பார்ப்பம்."

கண்ணாடி முன் நானே உங்கள் குரலில் கேட்டுப் பார்க்கிறேன். புருவம் வருகிறது. குரல் வரவில்லை. உங்கள் குரல் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தூரமாகப் போகிறது. சாக்சன்களின் பேச்சில் நாலு வரியையாவது யாரோ ஒரு துறவி எழுதி வைத்தான். உங்களுடையதை நான் எதிலும் பதிந்து வைக்கவில்லை.

பதில் என்னிடம் இருக்கிறது, அப்பா. அது மட்டும் போகவில்லை. ஓம் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல விடப்படாத சனம் அது. அவர்களில் ஒருவர்தான் என்னைக் காலையில் ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டவர். இதைச் சொன்னால் போதும். ஆனால் யாராவது கேட்டால்தானே எனக்குச் சொல்ல வரும்.

வியாழக்கிழமை அந்த அறைக்கு வாருங்கள் என்று கேட்கவில்லை. ஹீட்டர் இன்னும் ஓடுகிறது. மணம் இன்னும் இருக்கிறது. இப்போதே, இந்தக் காருக்குள்ளேயே, ஒருக்கா அந்தக் கேள்வியைக் கேளுங்கோ, அப்பா.