பிரேக் பிடிக்காத மெஷின்

அண்ணா,

மரம் அறுக்கும் மெஷினை நம்பவே முடியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாமே. வாய் கூசவில்லையா? ஆறு வருடமாக உன் பட்டறையில் அந்த மெஷின்களைப் பழுது பார்ப்பவள் நான். ஒன்றாவது சொல்லாமல் கொள்ளாமல் காலை வாரியிருக்கிறதா?

ஒரு மெஷினில், அறுக்கும்போது துள்ளினால் செயினை நிறுத்தவேண்டிய பிரேக் பிடிக்கவில்லை என்று திங்கட்கிழமையே உன்னிடம் சொன்னேன். யாரும் தொடக்கூடாதென்று கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டினேன். மறுநாள் காலையில் அதை அவிழ்த்துவிட்டு, "ஒரே ஒரு கிளைதான் மாப்பிள்ளை, ஒண்ணும் ஆகாது" என்று என் வீட்டுக்காரரை மரத்தில் ஏற்றிவிட்டாய்.

இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது நான். சாப்பாடு ஊட்டுவதும் நான்.

"மச்சானைத் திட்டாதே, மெஷின் பண்ணின வேலை" என்றார். துணி கட்டியிருந்த விஷயமே அவருக்குத் தெரியாது. இன்றுதான் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாளை விசாரணைக்கு வருகிறார்கள். மெஷின் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி எங்களிடம் ஆளனுப்பியிருக்கிறாய். நடந்ததை நடந்தபடி எழுதி நான் போடுவேன். இந்த வீட்டில் கையெழுத்துப் போட முடிந்தவள் இனி நான் ஒருத்திதான்.

உன் கூடப் பிறந்தவள்