படியில் உட்காரக் கூடாது

அக்டோபர் 6, திங்கள்

மலைமேல் இருக்கும் எங்கள் பெரிய மாதா கோவில் முற்றங்களைச் சுற்றிக் காட்டும் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பதினோரு வருடமாக அந்த மூன்று முற்றங்களையும் கூட்டிக் கழுவுகிறவள் நான், எனக்குத் தெரியாத கல்லா? டிராவல்ஸ் வைத்திருக்கும் ஸ்டீவன் தலையைச் சொறிந்தான்.

"இங்கிலீஷ் வேணுமேக்கா?"

"வர்றவுக பாதிப்பேரு கோயம்புத்தூரு. அவுகளுக்கு எதுக்குத் தம்பி இங்கிலீஷு?"

பதினெட்டாம் தேதி வெள்ளோட்டம். சரிப்படாவிட்டால் மதுரையிலிருந்து வேறு ஆள். எனக்கு இந்த வேலை வேண்டும். வேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 9, வியாழன்

ஸ்டீவன் நான்கு பக்கம் கொடுத்திருக்கிறான். கோவில் கட்டிய ஆண்டு, வெள்ளைக்காரத் துரை பெயர், மறுபடி ஆண்டு, மறுபடி துரை. சோறு பொங்கும்போதும் மனப்பாடம். சோறு குழைந்துவிட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

மானம் போயிற்று.

ஒத்திகைக்கு ஸ்டீவன் நாலு பேரை அழைத்து வந்தான். இரண்டாவது ஆண்டைச் சொல்லும்போதே ஒருவர் கோவில் படியில் உட்கார்ந்தார். வாய் தானாகத் திறந்துகொண்டது. "எந்திரிங்க! படியில உக்காராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!" தலையைத் திருப்பினார். புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார்!

சாமியார் சிரித்துவிட்டார். ஸ்டீவன் சிரிக்கவில்லை. "கெஸ்ட்ட இப்படிப் பேசுனா தொழில் படுத்துரும்க்கா" என்றான். வீட்டில் என் வீட்டுக்காரர் அதற்கு மேல். "ஊரத் திட்டுறவ பின்னால எவன் வருவான், ரெஜினா?" என்கிறார். இவருக்குப் போய் இருதயசாமி என்று பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

நாளைக்கு வாயைத் திறந்தால் பூ மட்டும்தான் உதிர வேண்டும். மாதாவே, பார்த்துக்கொள்.

அக்டோபர் 18, சனி

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளனே எட்டுப் பேர் வந்தார்கள். மேகம் இறங்கிவிட்டது. கோபுரம் இல்லை, மணி இல்லை, முற்றமே இல்லை. ஸ்டீவனின் தாள் நனைந்து கூழாகிவிட்டது. எனக்கு ஒரு துரை பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

"மேகத்தப் பாக்கறதுக்குங்களா இத்தன தூரம் வந்தோம்?" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்தார். பொறுத்தேன். பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"எந்திரிங்க சார்! முழங்கால் போட்டு ஏறுற படி அது. உக்காருறதுக்கு இல்ல!"

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அவர் எழுந்தார். "எல்லாரும் கைய வச்சுத் தடவிப் பாருங்க" என்றேன். தடவினார்கள். ஒவ்வொரு படியின் நடுவிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழி. பிள்ளைக்காக, நோய்க்காக, பரீட்சைக்காக நேர்ந்துகொண்டு முழங்காலால் ஏறியவர்கள் தேய்த்த குழி. தினமும் துணி போட்டுத் துடைக்கிற எனக்குத் தெரியும், ஏழாவது படியில்தான் ஆழம் அதிகம். அங்கேதான் எல்லோரும் நின்று அழுவார்கள்.

பெரியவரின் மனைவி செருப்பைக் கழற்றினார். "நானும் ஏறலாமுங்களா?" அந்த மேகத்துக்குள் முழங்காலால் ஏறினார். ஏழாவது படியில் அவரும் நின்றார்.

அப்புறம் எனக்கு யார் கடிவாளம் போட முடியும்? மணி முற்றத்தில் மணிக்கயிறு உரசி உரசி அறுத்த தூணைத் தடவ வைத்தேன். கிணற்று முற்றத்தில் கல்லைப் போட்டு ஆழத்தைக் கேட்க வைத்தேன். பள்ளி முற்றத்தில் சுவரில் பெயர் கிறுக்கியவர்களை ஒருவர் விடாமல் திட்டினேன். முடிந்ததும் கை தட்டினார்கள்! எனக்கு! அழுகையும் சிரிப்புமாக வந்தது.

மதுரை ஆள் வரவில்லை.

நவம்பர் 8, சனி

பதினான்கு பேர். நல்ல வெயில். இருந்தும் கண்ணை மூடித் தடவச் சொன்னேன்.

டிசம்பர் 13, சனி

இருபத்திரண்டு பேர். போனில் "அந்தத் திட்டுற அக்காதான வருவாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பதிகிறார்களாம். சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தேன். இவர் வீட்டு வாசலில் நின்று இரண்டு தடவை படித்தார்.

நடந்து களைத்த ஸ்டீவன் போனைப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டான். நான் வாயைத் திறக்கும் முன்னால் இருபத்திரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்:

"எந்திரிங்க!"