சாசர் மூடிய கோப்பை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் வலி அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். மருமகளுக்கு இருமல் நின்றதா? மருந்தைப் பாதியில் விட வேண்டாம் என்று சொல்.

உன் கடிதம் கிடைத்தது. சித்தப்பா ஒன்றுக்கு இரண்டாக ஓதியிருக்கிறார். அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் அண்ணி காபிக் கடையில் ஆண்பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரிக்கிறார், மானம் போகிறது என்றாராம். நீயும், அங்கே போவதை நிறுத்து, இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு உன்னை இங்கே அழைத்து வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். நடந்தது என்ன என்று என்னிடம் கேட்டுவிட்டல்லவா நீ தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும்?

உங்கப்பா, வீட்டில் நான் போடும் காபியில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, போதும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு அந்தக் கடைக்குக் கிளம்புவார். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே ஒரு கேள்வி. அவர் இல்லாமல் போனபின் ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, பார்த்துத்தான் விடுவோமே என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

ஜன்னலோர மேசையில் வக்கீலும் தையல்காரரும் பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். முன்னால் சாசரால் மூடிய ஒரு கோப்பை. தொட்டால் சூடு. வருகிறவர்களுக்கு இப்படித்தான் தயாராக வைப்பார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக் குடித்துவிட்டேன். தையல்காரர் ஊசியை விழுங்கியவர் போல என்னைப் பார்த்தார்.

அங்கே ஒரு வழக்கமாம். வெளியே போகிறவர் கோப்பையைச் சாசரால் மூடிவிட்டுப் போனால், திரும்பி வருவேன், எடுக்காதே என்று அர்த்தம். அப்பா போனதிலிருந்து தினமும் அவருக்கு ஒரு காபி போட்டு மூடி வைக்கிறார்கள். வக்கீல்தான் மெதுவாக, அது அண்ணனோட காபிம்மா, நாங்க யாரும் தொடமாட்டோம் என்றார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். நாக்கில் ஒட்டுகிற சர்க்கரை! டாக்டர் சொன்னாரென்று வீட்டில் இனிப்பைக் கண்ணிலேயே காட்டாமல் நான் காவல் காத்தேன். மனுஷன் இங்கே வந்து பாகு குடித்திருக்கிறார். யார் இப்படிப் போட்டுக் கொடுத்தது என்று காபி மாஸ்டரைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, வீட்ல சொல்லிடாதீங்கன்னாரும்மா என்றார். வக்கீலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தையல்காரரும் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். அப்பா போனபின் அன்றைக்குத்தான் சிரித்தேன். தெருவில் போன சித்தப்பா கண்ணாடி வழியாகப் பார்த்தது அதைத்தான். நான் அழுதுகொண்டிருந்தபோது ஒருநாளாவது எட்டிப் பார்த்தாரா, கேள்.

அன்றிலிருந்து தினமும் போகிறேன். அவர் நாற்காலியில்தான் உட்காருகிறேன். அவருக்கு வைக்கிற காபியை நான்தான் குடிக்கிறேன், சர்க்கரை இல்லாமல். பேப்பரை இப்போது மூன்றாகப் பிரிக்கிறோம். மானம் அவ்வளவு லேசில் போகிற சாமானாக இருந்தால் சித்தப்பா அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ளட்டும்.

என்னை அழைத்துப்போக நீ வராதே. நான் வரமாட்டேன். நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் சுவரோடு பேசிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. இங்கே ஒரு காலை நான் தாமதித்தால், ஏம்மா லேட்டு என்று கேட்க ஆளிருக்கிறது.

ஆனால் நீ வா. அப்பாவை அனுப்பிவைத்த கையோடு விமானம் ஏறிவிட்டாய். என்னோடு உட்கார்ந்து நீ ஒரு வாய் காபி குடிக்கவில்லை. என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நாளையிலிருந்து அங்கே ஒரு கோப்பையை மூடி வைக்கும்படி மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அதை யாரும் எடுக்க விடமாட்டேன், நானும் தொடமாட்டேன்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அம்மா