நாலா, ஆறா

ஆகஸ்ட் 3, திங்கள்

தீவில் விடாத மழை. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று முதல் மாலைக் காப்பியை முக்கால் டம்ளராகக் குறைப்பது என்று முடிவெடுக்கப்பட்டது. முடிவெடுத்தவள் நான். பாதிக்கப்படுபவளும் நானே. எதிர்ப்பாக வயிற்றில் ஓர் உதை.

ஆறாம் மாதம். கையேட்டில் போட்டிருக்கிறது: இனி குழந்தைக்கு வெளிச்சத்தம் கேட்கும். ஆக, ஒட்டுக்கேட்க வீட்டில் ஓர் ஆள் கூடுதல்.

தினசரி: இரும்புச்சத்து மாத்திரை (வாயில் ஆணி ருசி). கீரை. மத்தியானம் டிரங்குப் பெட்டிமேல் காலைத் தூக்கிவைத்து ஒரு மணி நேரம்.

14ந்தேதி மெட்ராஸ் கப்பல். தலைப்பிரசவம், அம்மாவிடம். ஏழு பிறந்துவிட்டால் ஏற்ற மாட்டார்கள். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் துறைமுகத்தில் சிரிக்கிறார்கள். எனக்கு இந்தக் கப்பல்தான்.

ஆகஸ்ட் 5, புதன்

இவர் இளநீர் வாங்கிவந்தார். கேட்காமலே. கல்யாணமாகி இது இரண்டாம் முறை. முதல் முறை, என் பேனாவை உடைத்திருந்தார். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். எதுவும் உடையவில்லை. கவலை அதிகமாயிற்று.

"டாக்டர்கிட்ட போறப்ப புடவையை லூஸா கட்டிக்கோ."

"ஏன்?"

"காத்தோட்டமா இருக்கும்."

எங்கள் ஊர் கராச்சர்மாவில், இந்த மழையில், காற்றோட்டம்.

ஆகஸ்ட் 6, வியாழன்

பக்கத்து வீட்டு மேரி அக்கா (தூத்துக்குடி, புருஷனுக்கு மீன்பிடி) காரல் குழம்பு கொண்டுவந்தாள். குழம்பைக் கொடுத்துவிட்டு வயிற்றையே பார்த்தாள்.

"எத்தன மாசம்மா?"

"ஆறு."

"ஒம் மாப்பிள்ள எங்க வீட்டு ஆளுகிட்ட நாலுன்னுல்லா சொல்லிருக்காவ!"

இரண்டு மாதம் காணவில்லை. ஆபீசில் அத்தனை பேரின் இன்கிரிமென்ட் தேதியும் மனப்பாடமாகச் சொல்பவருக்கு எண்ணத் தெரியாது என்று நம்ப முடியாது. அதுவும் நாலு என்றால், அந்தச் சமயம் இவர் வேறு தீவில், ரங்கத்தில் கேம்ப். எனக்கு எதிரான சாட்சியத்தை இவரே ஊரில் சொல்லிவருகிறார்.

இவர் வந்ததும் கேட்டேன்.

"கப்பல் பெர்த் அப்ளிகேஷன்ல நாலுன்னு போட்டேன். கப்பல் லேட்டாச்சுன்னா உனக்கு ஏழு பொறந்துடுமே. சேஃப்டிக்கு ரெண்டு குறைச்சேன்."

"ஆறுக்கே ஏத்துறாங்களே?"

"அதான் சொல்றேனே, சேஃப்டி."

ஆகஸ்ட் 10, திங்கள்

கப்பலுக்கு மெடிக்கல் சர்டிபிகேட். லேடி டாக்டர் டேப்பால் வயிற்றை மூன்று முறை அளந்தார். அப்ளிகேஷன் தாளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், தாளை நம்பினார்.

நர்ஸ்: "ஜுட்வா லக்தா ஹை, டாக்டர் சாப்."

"நாலு மாசத்துக்கு இவ்வளவு வயிறுன்னா இரட்டையாத்தான் இருக்கும். கப்பல்ல அனுப்ப முடியாதும்மா."

"எனக்கு ஆறு மாசம், டாக்டர்."

"கப்பலுக்கு வர்றவங்க எல்லாரும் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. கூட்டிச் சொல்ற முதல் ஆள் நீங்கதான்." சந்தேகமாகப் பார்த்துவிட்டு, கூட வந்திருந்த இவரிடம் திரும்பினார். "நாலுதானே சார்?"

இவர் சர்க்கார் உத்தியோகம். தாளின் அடியில் இவருடைய கையெழுத்து. குடைப்பிடியைக் கொஞ்ச நேரம் பரிசோதித்தார்.

"நாலுதான்."

உள்ளே இருப்பது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 12, புதன்

இரண்டு நாளாகப் பேச்சில்லை. இளநீர் தினமும் வருகிறது. மாத்திரை, கீரை, கால் தூக்கல் நடக்கின்றன. கெண்டைக்காலில் பிடிப்பு.

அம்மாவுக்குக் கடிதம் தொடங்கி மூன்று தாள் வீண். 'நான் வரவில்லை' வரைக்கும் எழுதலாம். அதற்கு மேல் காரணம் கேட்கிறது.

மேரி அக்கா வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கையை வைத்துப் பார்த்தாள்.

"ரெட்டையாவது மண்ணாவது. ஒத்தப் பிள்ளதான். ஒனக்கு நான் இருக்கேம்லா, அஞ்சு பெத்தவ. எதுக்கு முழிக்க?"

இந்த வாரம் உண்மை சொன்ன ஒரே ஆள். என்ன எதிர்பார்க்கிறாள் என்று யோசித்தேன். குழம்புக் கிண்ணத்தைக் கேட்டாள்.

அதைத் தேய்க்கும் சாக்கில் கொல்லையில் கொஞ்சம் அழுகை. பிரசவத்துக்குப் பயம் என்று யாரிடமும் இதுவரை சொல்லவில்லை. அம்மாவிடம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

வெயில். கப்பல் சரியாகக் காலை எட்டுக்குப் புறப்பட்டது. என் பெர்த்தில் ஓர் ஓவர்சியரின் மாமியார் போகிறார்.