தலைமுழுகிவிட்டுச் சாப்பிடவும்

இயேசு மரி சூசை துணை

பெரம்பூர், சென்னை
18-1-1964

அன்புள்ள மேரிக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கிறிஸ்மஸுக்கு வந்தபோது செஞ்சியில் நாம் எடுத்துக்கொண்ட போட்டோ வந்து சேர்ந்தது. ஆபீசில் காட்டினேன். டைப்பிஸ்ட் பயல், "உங்கம்மாவா சார்?" என்று கேட்டுவிட்டான். மானம் போய்விட்டது. ஈஸ்டர் கழிந்ததும் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அங்கே இருக்கும் பெண்கள் எல்லாம் கொடிபோல் இருக்கிறார்கள். இந்த உடம்போடு உன்னை எப்படி அழைத்து வருவேன், நீயே சொல்.

இங்கே ஒரு மூலிகைக் கடையில் ஊளைச்சதை கரைக்கும் பொடி விற்கிறார்கள். வெறும் பச்சிலை, ஒன்றும் செய்யாது. லாரி டிரைவர் தாண்டவராயனிடம் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதோடு இருந்த தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் படித்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதில் உள்ளது இதுதான்: தினமும் காலையில் இரண்டு ஸ்பூன், வெந்நீரில். தலைமுழுகிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். முழுகாமல் தொடாதே.

இப்படிக்கு,
உன் மதலைமுத்து

செஞ்சி
5-2-1964

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்கு இருதயமேரி எழுதிக்கொண்டது.

டப்பா வந்தது. அந்த டைப்பிஸ்டுக்குக் கல்யாணம் ஆகட்டும், அவனுக்கு எந்த ரதி வந்து வாய்க்கிறாள் என்று நானும் பார்க்கிறேன்.

பொடி அப்படி ஒரு கசப்பு. இந்தத் தை மாதக் குளிரில் விடியலில் எழுந்து கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்கிறேன். உங்கள் அம்மா, "இன்னாடி இது, தெனம் தலைக்கு ஊத்திக்கிற? ஜன்னி வந்துடப் போவுது" என்று திட்டுகிறார்கள். தினமும் நாலு தடவை வயிறு கழிகிறது. ஆனால் ஜாக்கெட் லூசாகிவிட்டது!

குவார்ட்டர்ஸில் ஜன்னல் எந்தப் பக்கம்? தையல் மிஷினை வெளிச்சத்தில் போடவேண்டும். ஏழு வருஷமாக லீவுக்கு வருகிற புருஷனோடு குடும்பம் நடத்தியாகிவிட்டது. இனிமேலாவது ஒரே வீட்டில் இருப்போம். அதற்காக நீங்கள் வேப்பங்காயைத் தின்னச் சொன்னாலும் தின்பேன்.

உங்கள் மேரி

செஞ்சி
26-2-1964

அன்புள்ள அத்தானுக்கு,

எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் ஊருக்குப் போனதிலிருந்து எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. காலையில் வாந்தி வருகிறது. அத்தை, "சேதி ஏதாச்சும் உண்டாடி?" என்று என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்குத் தெரியாமல் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்கள்.

ராஜகிரிக் கோட்டை மேலே ஓடி ஏறினவள் நான். இப்போது கோயில் படி ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. பொடியை நிறுத்திவிடட்டுமா? கடையில் கேட்டு உடனே எழுதுங்கள். உங்கள் பதில் வரும்வரை தொடமாட்டேன். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

உங்கள் மேரி

பெரம்பூர்
2-3-1964

அன்புள்ள மேரிக்கு,

கடைக்காரரைக் கேட்டேன். "கொழுப்பு கரையறப்போ நாள் தள்ளிப்போவும் சார். மருந்து புடிச்சிக்கிச்சுன்னு அர்த்தம்" என்று சிரித்தார். ஏழு வருஷமாக வராதது இப்போதா வந்துவிடும்? வீணாக ஆசைப்பட்டுவிட்டுப் பிறகு உட்கார்ந்து அழாதே. பாதியில் விட்டால் இரண்டு பங்கு ஊதுமாம். தாண்டவராயனிடம் இன்னொரு டப்பா அனுப்பியிருக்கிறேன். ஈஸ்டருக்கு நாலு வாரம்கூட இல்லை, இரண்டு ஸ்பூனை மூன்றாக்கு. வெறும் பச்சிலைதானே.

உன் மதலைமுத்து

செஞ்சி
19-3-1964

அத்தானுக்கு,

போன வெள்ளிக்கிழமை எல்லாம் போய்விட்டது. கரைந்தது கொழுப்பு இல்லை, பிள்ளை. மூன்று மாதம் நிறையவில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரி நர்ஸ் மீனம்பாள் இரண்டு நாள் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. "இன்னாம்மா சாப்ட?" என்று கேட்டார். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். "பேதி மருந்து மாதிரி இருக்குது. புள்ளத்தாச்சி கண்ணால பாக்கக் கூடாது இத. இதுகூட ஒரு தாள் இருக்குமே, எங்க?" என்றார்.

அந்தத் தாளை அனுப்புங்கள். வேறொன்றும் வேண்டாம்.

மேரி

பெரம்பூர்
24-3-1964

அன்புள்ள மேரிக்கு,

சேதி கேட்டு இரண்டு நாள் ஆபீசுக்குப் போகவில்லை. கர்த்தர் சித்தம். ஆனால் நீ என்னைக் குற்றவாளிபோல் நினைத்து எழுதியிருக்கிறாய். இதோ அந்தத் தாள், நீயே படி. நான் எதையும் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கடைசி வரிக்குச் சிவப்பு மசியில் கோடு போட்டிருக்கிறேன்: "முழுகாத பெண்கள் உண்ணலாகாது." இதை முதல் கடிதத்திலேயே உனக்கு எழுதினேன். குளிருக்குப் பயந்து ஒரு நாளாவது முழுகாமல் சாப்பிட்டிருப்பாய். உண்மையைச் சொல்.

குவார்ட்டர்ஸ் சாவி கைக்கு வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போகிறேன்.

உன் மதலைமுத்து

செஞ்சி
31-3-1964

திரு. மதலைமுத்து அவர்களுக்கு,

தாள் கிடைத்தது. நர்ஸிடம் காட்டினேன். உங்கள் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் பத்து வயதிலிருந்து போர்டிங்கில் சாமியார்களிடம் வளர்ந்தவர். உங்களுக்குக் கர்ப்பவதி என்று எழுதினால்தான் புரியும். தாளை என்னிடம் அனுப்பியிருந்தால் நான் படித்திருப்பேன். உங்கள் ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிறவளைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். முழுகாத பெண் என்றால் குளிக்காதவள் இல்லை ஐயா. வயிற்றில் பிள்ளை இருக்கிறவள்.

உண்மையைச் சொல் என்றீர்கள், சொல்கிறேன். ஆமாம், முழுகாமல்தான் சாப்பிட்டேன். ஏழு வருஷத்தில் ஒரே ஒரு முறை நான் முழுகாமல் இருந்தேன். உங்கள் பேச்சைக் கேட்டு அத்தனை நாளும் விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, என் கையாலேயே கலக்கிக் குடித்தேன்.

அவன் தெரியாமல் செய்துவிட்டான் என்று அத்தை அழுகிறார்கள். ஒரு வார்த்தை தெரியாமல் போனதை நான்கூட மன்னிப்பேன். நாள் தள்ளியிருக்கிறது, ஆசையாக இருக்கிறது என்று எழுதினேனே. அதைப் படித்த பிறகும் மூன்றாவது ஸ்பூனைப் போடச் சொன்னீர்களே. அன்றைக்கு ஒரு பஸ் ஏறி வந்து என் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாதா? அந்த டைப்பிஸ்ட் சிரித்ததுதான் உங்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். நான் குவார்ட்டர்ஸுக்கு வரப்போவதில்லை. அத்தை என்னோடு இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். என் தையல் மிஷின் இருவருக்கும் சோறு போடும்.

இன்று விடியலிலும் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த முறை பொடிக்காக இல்லை.

இருதயமேரி