மாப்பிள்ளையின் வலது முட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் உங்கள் அத்தையும் உங்கள் மனைவியும் சுகமாக இருக்கிறோம். அந்த ஊர்க் குளிருக்கு நீங்களும் ஓரளவு பழகியிருப்பீர்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன். முட்டி எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு இப்போது கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பீர்கள். என் மகள் போனை என் பக்கம் நீட்டும்போதெல்லாம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கடையில் ஆள் காத்திருக்கிறார் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆள் யாரும் காத்திருப்பதில்லை. போனில் ஆரம்பித்தால், நான் பாதி சொல்வதற்குள் "பரவாயில்ல மாமா, விடுங்க" என்று சொல்லிவிடுவீர்கள். உங்கள் சுபாவம் அப்படி. இது அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. அதனால்தான் நீங்கள் குறுக்கே பேச முடியாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பரீட்சை முடிந்து, தான் பாடம் நடத்துகிற பள்ளிக்கு விடுமுறை விட்டதும் அங்கே கிளம்பி வருவதாக உங்கள் மனைவி முடிவு செய்துவிட்டாள். பெட்டியை இப்போதே இறக்கி வைத்துவிட்டு, அதில் தடுக்கித் தடுக்கி நடந்துகொண்டிருக்கிறாள். அத்தை உங்கள் பழைய பூட்ஸை இன்னும் வெயிலில் காய வைக்கிறாள். ஆள் ஊரிலேயே இல்லை, பூட்ஸ் எப்படி நனையும் என்று கேட்டேன். "உங்க வேலையப் பாருங்க" என்றாள். மாடிப்படியின் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்ததே, அதைச் சரி செய்துவிட்டேன். நீங்கள் போன பிறகுதான் செய்யத் தோன்றியது.

கடையில் பேச்சுக்குக் குறைவில்லை. கிளப் ஆபீசில் ஒரு சீசனில் நடக்காத வியாபாரம் என் கடை பெஞ்சில் ஒரு காலை நேரத்தில் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே ஆட்கள்தான். பேங்க் காசாளர் 'புள்ளிவிவரம்' வந்துவிடுகிறார். எந்த ஆட்டக்காரர் எந்தக் காலால் எத்தனை முறை பந்தைத் தொட்டார் என்று ஒப்பிக்காவிட்டால் அவருக்கு முடி வெட்டிக்கொண்ட திருப்தியே வராது. பஸ் கண்டக்டர் 'ரேடியோ'வும் வருகிறார். போன வாரம் பெஞ்சில் உட்கார்ந்தபடியே துறைமுக டீமின் உயரமான ஃபார்வர்டை வாங்கினார்கள், நம் நடுக்கள ஆட்டக்காரர் இருவரை அவர்களுக்குக் கொடுத்தார்கள், பிறகு அது சரிப்படாது என்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் ஒருவருக்குத் தாடி மழித்து முடிப்பதற்குள்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் நான் விஷயத்துக்கு வரமாட்டேன்.

நீங்கள் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியதே, அதற்கு மறுநாள் கடை நிறையக் கூட்டம். பெரிய டீம் ஆட்கள் உங்களைப் பார்க்க வந்துபோன சமயம் அது. கூட்டிக்கொண்டு போவார்களா மாட்டார்களா என்பதுதான் பேச்சு. புள்ளிவிவரம் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "பையன் கெட்டிக்காரன்தான், நான் இல்லேங்கல. ஆனா அவன் இவ்வளவுதான். வளர வேண்டியதெல்லாம் வளர்ந்தாச்சு. அங்க கூட்டிட்டுப் போனாலும் ஓரமா உட்கார வைப்பாங்க, பாருங்க" என்றார். நாற்காலியில் பாதி மழித்த முகத்தோடு ஒருவர் இருந்தார். அவரும் தலையை ஆட்டினார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்களுக்காக வந்த கோபம் என்றுதான் இத்தனை நாளும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உங்களை மருமகனாகத் தெரிவதற்கு முன்பே எனக்கு ஆட்டக்காரனாகத் தெரியும். பள்ளி மைதானத்தில் சட்டை வெளியே தொங்க ஓடிக்கொண்டிருந்த ஒல்லிப் பையனைப் பார்த்து, இவன் எங்கேயோ போகப் போகிறான் என்று முதலில் சொன்னவன் நான். அதையே சொல்லிச் சொல்லி இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டவன். உங்கள் வளர்ச்சி நின்றுவிட்டது என்று அவர் சொன்னது, என் கண் பொய்த்துவிட்டது என்று என் காதில் விழுந்தது. அவ்வளவுதான் மாப்பிள்ளை. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நான் வாயைத் திறந்தேன்.

அதற்கு முந்தின வாரம் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னீர்கள், "படியேறும்போது மட்டும் வலது முட்டி கொஞ்சம் பிடிக்குது மாமா. வெளியில சொல்லிடாதீங்க, சீசன் முடியட்டும் பார்த்துக்கலாம்" என்று. நான் சோற்றுக் கையோடு உதட்டைப் பூட்டுவது மாதிரி செய்து காட்டினேன். எல்லோரும் சிரித்தோம்.

அந்த வாயாலேயே கடையில் சொன்னேன். "முட்டி வலியோட ஆடுறான்யா அந்தப் புள்ள! ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஊசி போட்டுக்கிட்டு இறங்குறான். உங்கள்ல ஒருத்தராவது ஊசி போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போவீங்களா?" என்று கத்தினேன். கடை கப்சிப் என்று ஆகிவிட்டது. வாக்குவாதத்தில் ஜெயித்துவிட்டேன். அந்த அமைதி எவ்வளவு இனித்தது என்று இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ஊசி என்பது நான் சேர்த்தது. வெறும் வலி என்றால் எடுபடாது என்று தோன்றியது.

அதன் பிறகு ரேடியோ தன் வேலையைச் செய்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்தியை இறக்கிவிட்டார். ஒரு சலூனில் கேட்டேன் என்றால் யார் மதிப்பார்கள்? "டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ளருந்தே வந்த நியூஸ்" என்று சொல்லியிருக்கிறார். பெரிய டீம் ஆட்கள் அதற்குப் பிறகு வரவே இல்லை. முட்டி போன ஆள் என்று பேர் பரவுவதற்குள் கைமாற்றிவிடுவோம் என்று நம் கிளப்பும் அவசரப்பட்டது. நீங்கள் இப்போது அந்தக் குளிர் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பதற்குக் காரணம் இதுதான்.

டிரெஸ்ஸிங் ரூமில் உங்கள் முட்டிக்குக் கட்டுப் போட்டுவிட்டது ஒரே ஒரு ஆள். உங்கள் சிநேகிதன், அந்தக் கோல்கீப்பர் பையன். நீங்கள் அவனைச் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. வீட்டு மனுஷர்களைச் சந்தேகப்பட உங்களுக்குத் தெரியாது. கட்டுத் துணியை அவன் நெஞ்சின் மேல் வீசிவிட்டு, இனிமேல் என் முட்டியைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்று சொன்னீர்களாம். என் மகள் அழுதுகொண்டே சொன்னாள். நீங்கள் கிளம்பிய அன்று அவன் ரயிலடிக்கு வந்திருந்தான். பிளாட்பாரத்தின் கோடியில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றான். நீங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி ஏறினீர்கள். நான் உங்கள் பையைப் பிடித்துக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். என் வாய்க்கு அப்போது என்ன கேடு வந்தது? "பத்திரமா போய்ட்டு வாங்க மாப்பிள்ளை" என்று மட்டும்தான் வந்தது.

போன வாரம் அவன் கடைக்கு வந்தான். காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால். நாற்காலியில் உட்கார்ந்ததும் உங்களைத்தான் விசாரித்தான். புது டீமில் எந்த இடத்தில் ஆட விடுகிறார்கள், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று. நான் துணியைப் போர்த்தி வெட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணுதான் மாமா புரியல. ஊசி ஊசின்னு ஊர் முழுக்கப் பேசுறாங்க. நான் கட்டுதானே போட்டுவிட்டேன், ஊசியே கிடையாதே. நான் சொல்லியிருந்தா கட்டுன்னுதானே சொல்லியிருப்பேன்? அது ஏன் அவனுக்குத் தோணல?" என்றான். என் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. முடி திருத்துகிறவன் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தப்பிக்க முடியாது மாப்பிள்ளை, எதிரேயும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் பார்த்ததைப் பார்த்தேன்.

"பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைச்சிடுங்க மாமா" என்றான். எழுந்து போகும்போது எப்போதும் போல என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

அந்த வாரக் கடைசியில் ஆட்டம். நான் போயிருந்தேன். அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் நம் ஆட்களே "காட்டிக்கொடுத்தவன்" என்று கூச்சல் போட்டார்கள். உருண்டு வந்த ஒரு சாதாரணப் பந்தைக் கோட்டை விட்டான். அவன் அப்படி விட்டு நான் பார்த்ததே இல்லை. இந்த மாதத்தோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. கூட ஆடுகிறவனை நம்பவைத்து விற்றவன் நமக்கு வேண்டாம் என்று புதுப்பிக்காமல் விடப்போகிறார்களாம். இது ரேடியோ சொன்னதில்லை, கோச்சே என்னிடம் சொன்னார்.

ஆமாம், கோச்சைப் போய்ப் பார்த்தேன். அதற்கு முன்னால் கடையில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். முட்டி விஷயத்தை வெளியே விட்டது நான்தான், ஊசியைக் கற்பனை பண்ணிச் சொன்னதும் நான்தான், அந்தப் பிள்ளைக்கு ஒரு பாவமும் தெரியாது என்று. என்ன நடந்தது தெரியுமா? யாரும் நம்பவில்லை! ரேடியோ துள்ளிக் குதித்து, "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியுமே, உள்ளருந்து வந்த நியூஸ்ங்க அது" என்று சாதிக்கிறார். என்னிடம் கேட்டுத்தான் சொன்னார் என்று ஆகிவிட்டால் அவர் கௌரவம் என்ன ஆவது? மற்றவர்களும் நாங்கள் இரண்டு நாள் முன்பே கேள்விப்பட்டோம் என்கிறார்கள். வதந்தியை இரண்டாவதாகக் கேட்டேன் என்று ஒப்புக்கொள்கிற ஆள் நம் ஊரில் கிடையாது. மருமகனையும் சிநேகிதனையும் சேர்த்துவைக்கத்தான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், எப்பேர்ப்பட்ட மனசு என்று என்னைப் பாராட்டுகிறார்கள். ஒருவர் கையைக்கூடக் குலுக்கினார். புள்ளிவிவரம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கணக்கு தப்பாத ஆள்.

இனிமேல் இங்கே பந்துப் பேச்சு கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டினேன். அந்த அட்டை எத்தனை நாள் தாங்கும் என்று இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள்.

கோச்சும் கடை ஆட்கள் சொன்னதையேதான் சொன்னார். "நீங்க நல்ல மனுஷர், உங்க பேச்சை எடுத்துக்க முடியாது. உங்க மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் பார்த்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷன் என்று ஒருவர் சொல்லி எனக்கு இவ்வளவு வலித்ததில்லை. அந்த ஒரு வார்த்தைதான் மாப்பிள்ளை நான் கேட்பது. உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அவனைக் காப்பாற்றும். வெளியே விட்டது மாமாதான் என்றே எல்லோரிடமும் சொல்லுங்கள். கேப்டனிடம் சொல்லுங்கள், பத்திரிகைக்காரர்கள் கேட்டால் அவர்களிடமும் சொல்லுங்கள். மாமனாராயிற்றே என்று மறைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்கு மரியாதை பார்த்தால் அந்தப் பிள்ளையின் பிழைப்பு போய்விடும்.

இந்தக் கடிதத்தை மூடாமல் என் மகளிடம் கொடுக்கப்போகிறேன். அவள் படித்துவிட்டு விலாசம் எழுதித் தபாலில் போடட்டும். கடையில் நான் ஒப்புக்கொண்டது நிஜம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன நடக்குமோ, நடக்கட்டும். அத்தை இப்போதே என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

இன்னொன்று. புள்ளிவிவரம் சொன்னது தப்பு. இதை வாக்குவாதத்துக்காகச் சொல்லவில்லை, இங்கே யாரும் கேட்டுக்கொண்டும் இல்லை. நீங்கள் இன்னும் வளர்வீர்கள். நல்ல டாக்டரிடம் முட்டியைக் காட்டுங்கள். மூடி மறைக்க இனி ஒன்றும் இல்லை, அந்த ஒரு உபகாரமாவது என்னால் நடந்திருக்கிறது.

நீங்கள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடி விளையாட வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இதைப் படித்ததும் முதலில் அவனுக்குப் போன் போடுங்கள். எனக்கு வேண்டாம். எப்போதாவது என் மகளிடம் பேசி முடித்த பிறகு, போனை அப்பாவிடம் கொடு என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். நான் மழையைப் பற்றிப் பேசமாட்டேன். கடையில் ஆள் இருக்கிறார் என்றும் சொல்லமாட்டேன். நீங்கள் பேசும்வரை காதில் வைத்துக்கொண்டே இருப்பேன்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமா