அட்டைக்குப் பின்னால் விழுந்த இரண்டு

கயலு, என் கண்ணே,

நான் கதை நடத்த ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதே, நானேதான். ஞாயிறு மதியம், புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு ஹாலில், மகள் இயல் தூங்குகிற இரண்டு மணி நேரம். நம் ரஹ்மத் கோட்டைப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வருகிறாள். சாந்தி ஸ்கூட்டியில் வந்துவிடுகிறாள். நீ மட்டும்தான் இல்லை.

நீ போய் ஒன்றரை வருஷம் கழித்து எழுதுகிறேன். நம் கல்லூரிப் பழைய மாணவியர் மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். உன்னைப் பற்றி என்று உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. உனக்கு என்று எழுதினால் வருகிறது. மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்கு நம் விளையாட்டு புரிய வேண்டுமே. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு மனுஷியாக இருந்துகொண்டு, நான் இப்படிப் போகிறேன், இதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். எண் கூடினால் நடக்கும், குறைந்தால் நடக்காது. கதை நடத்துகிறவளுக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். விடுதியில் நீ கதை நடத்திய முதல் வருஷம் நம்மிடம் பகடைகூட இல்லை. ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டில் எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினாய். வார்டன் எட்டிப் பார்த்து, "என்ன புள்ளைகளா, ஏலச்சீட்டா?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா?

சீட்டை எல்லோரும் பார்க்கத்தான் பிரிப்பாய். "விழுந்தது விழுந்ததுதான்டி. அதுல கைய வைக்கிறதுன்னா எதுக்கு ஆடணும்?" என்பாய்.

என் முதல் ஞாயிற்றுக்கு இருபத்திரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கடலுக்குள் முழுகிப்போன ஒரு ஊர், அங்கே போக ஒரே ஒரு பாதை. ரஹ்மத் எடுத்த எடுப்பிலேயே, "நாங்க அங்கிட்டு போகலடி. இங்கிட்டு இருக்குற உப்பளத்துப் பக்கம் போறோம். அதுக்கு ஒன் நோட்டுல பக்கம் இருக்கா?" என்றாள். உப்பளத்துப் பாதை அடைத்திருக்கிறது என்றேன்.

"அடைச்சிருக்கா? யாரு, கலெக்டரா?" என்றாள் சாந்தி.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இயல் எழுந்துவிட்டாள். அன்றைக்கு அதோடு முடிந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் பாதையை எல்லாம் திறந்துவிட்டேன். ஆனால் யாருக்கும் அடிபட விடவில்லை. குறிப்புகளை மறைக்க என்று காலண்டர் அட்டை ஒன்றை மடித்து முன்னால் நிறுத்திக்கொண்டேன். பகடையை அதன் பின்னால் உருட்டினேன். மூன்று விழுந்தால் பதிமூன்று என்பேன். ஐந்து விழுந்தால் பதினைந்து. இயல் கட்டில் ஓரத்துக்கு உருண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறவள் நான். கதையில் ஒருத்தி பாறையிலிருந்து விழுந்தால் மட்டும் சும்மா இருக்க முடியுமா?

அட்டை என்றதும் உனக்கு உங்கள் மீமிசல் வீடு ஞாபகம் வந்திருக்கும். நான் முதலில் கதை நடத்தியது இந்த ஹாலில் அல்ல, உன் கட்டில் பக்கத்தில். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அனுப்பிய மாதம் அது. வாசலிலேயே உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதம்மா. ரத்தம் கம்மியா இருக்குன்னுதான் சொல்லி வச்சிருக்கோம்." சரிம்மா என்றேன். உள்ளே வந்தால் நீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பிற்பாடு நீ வாங்கிய இருபது முகப் பகடை மடியில் இருந்தது.

"எத்தனை வருசமா ஒங்களுக்கெல்லாம் கதை சொல்றேன். ஒரு தடவைகூட நான் ஆடுனதில்லடி. இன்னிக்கு நீ நடத்து, நான் ஆடுறேன்."

"எனக்குத் தெரியாதே கயலு. ரஹ்மத்தைக் கூப்பிடவா?"

"வேணாம். நீ போதும். தப்பா நடத்துனாலும் பரவாயில்ல. உள்ளதச் சொல்லு, அது போதும்."

உன் ஆளுக்கு செங்கா என்று பெயர் வைத்தாய். வள்ளக்காரி, படகு ஓட்டிப் பிழைக்கிறவள். கடலடியில் இருக்கும் குகைக்குள் மூச்சடக்கி நீந்திப் போக வேண்டும் என்றாய். போனவள் திரும்புவாளா?

"கொறைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டாய்.

"பத்துக்குக் கீழ விழுந்தா திரும்ப மாட்டா."

"சரி. எனக்குக் கையில ஊசி இருக்கு. நீயே உருட்டு."

சுவரில் தொங்கிய காலண்டர் அட்டையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். அதன் பின்னால் உருட்டினேன். இரண்டு விழுந்தது.

"எவ்வளவு?"

"பதினாறு."

என் முகத்தையே பார்த்தாய். நான் மடியில் கைக்குழந்தையாக இருந்த இயலின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

"பதினாறா. சரி, அப்பறம்?"

செங்கா உள்ளே போனாள், முத்து எடுத்தாள், வெளியே வந்தாள். நான் என்னென்னவோ சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "போதும்டி, அசதியா இருக்கு" என்றாய். பிறகு மெதுவாக, "ஒனக்கும் வாசல்லயே சொல்லிக் குடுத்துட்டாங்களா?" என்றாய்.

நான் எதையும் கேட்காதவள் மாதிரி தண்ணீர் வேண்டுமா என்றேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் பகடையை எடுக்கவே இல்லை. பதினெட்டு நாளில் போய்விட்டாய்.

நான் இரண்டு என்று சொல்லியிருந்தால் செங்கா என்ன பேசியிருப்பாள் கயலு? யாருக்கு என்ன சொல்லிவிட்டுப் போயிருப்பாள்? வீடு முழுக்க உன்னிடம் பொய் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், உண்மை கேட்க ஒரு இடம் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டாயா? அதையும் நான்தான் அடைத்தேனா?

போன ஞாயிறு ரஹ்மத் பொறுமை இழந்துவிட்டாள். "நாலு வாரமா ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட விழல. நாங்க என்ன ஒன் புள்ளையா, இடுப்புலயே வச்சுக்கிட்டுத் திரியிறதுக்கு? அந்த அட்டைய எடுடி."

எடுத்தேன். பாயில், எல்லோர் கண்முன்னாலும் உருட்டினேன். சாந்தியின் ஆள், அலமேலு என்கிற வைத்தியச்சி, அறுந்த கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள். நான்கு விழுந்தது.

"நாலு. கயிறு விட்டுருச்சு, சாந்தி. அலமேலு பிழைக்க மாட்டா."

சாந்தி பகடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். "கீழ விழுந்தவ ரெண்டு வார்த்தை பேசலாமா?" என்றாள்.

இரண்டு வார்த்தை கால் மணி நேரம் ஆனது. மருந்துப் பெட்டி யாருக்கு, தன்னோடு பேசாத அண்ணனிடம் என்ன சொல்ல வேண்டும், எதற்கெல்லாம் வருத்தம், எதற்கு இல்லை என்று எல்லாம் சொன்னாள். நடுவில், "அழாதடி ரஹ்மத்து, செத்தது நான்தான்" என்றாள். ரஹ்மத் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எண்ணைச் சொல்லிவிட்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதைச் செய்ய இருபத்திரண்டு பக்கம் தேவைப்படவில்லை. அன்று உன் கட்டில் பக்கத்திலும் தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீமிசல் போகும்போதெல்லாம் உன் அம்மா காபி கொடுத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார். "கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாதுல்லம்மா?" தெரியாதும்மா என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். உண்மையாகவே நம்புகிறவர் மூன்று முறை கேட்பாரா?

வருகிற வெள்ளி இயலையும் கூட்டிக்கொண்டு போகிறேன். நானாகப் போய் எதையும் போட்டு உடைக்க மாட்டேன். ஆனால் அவர் கேட்டால், தெரியும்மா, அவளுக்குத் தெரியும் என்று சொல்வேன். எங்கள் மேல் கோபப்பட்டாளா என்று கேட்டால், அது எனக்குத் தெரியாது என்பேன். அவளைப் பேசவிடாமல் செய்தவள் நான் என்றும் சொல்வேன். பிறகு அவர் பேசி முடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அம்மா பெறாத இன்னொரு மகள்,
உனக்கு மூன்று மாதம் இளையவள்,
மதி